எஸ்.எஸ். பைப்: எட்டு நம்பிக்கைகளும் உண்மைகளும்

"எஸ்.எஸ். பைப், 2 இஞ்ச், 60 மீட்டர்." பல ஆலைகளில் பர்ச்சேஸ் பிரிவுக்குப் போகும் இண்டென்ட்டில் இவ்வளவுதான் எழுதியிருக்கும். உள்ளே ஓடப்போவது பாலா, சாயக் கழிவா, ஆசிட்டா என்ற விவரம் இருக்காது. எத்தனை டிகிரி, எவ்வளவு அழுத்தம், லைன் தினமும் ஓடுமா அல்லது மாதக்கணக்கில் நிற்குமா என்பதும் இருக்காது. கடைக்காரர் கையிருப்பில் உள்ளதை அனுப்புவார், ஃபேப்ரிகேட்டர் வெல்டு வைப்பார். ஓராண்டு கழித்து ஏதோ ஒரு ஜாயிண்ட் ஓரத்தில் ஊசித்துளை விழும்போது, "சரக்கு மட்டம்" என்று எல்லோரும் ஒரே குரலில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

பெரும்பாலும் சரக்கின் மேல் குற்றம் இருக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட உலோகக் கலவைகள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பொருந்தும் வேலை இன்னொன்றைத் தின்றுவிடும். இந்த வேறுபாட்டை மறைத்துவிடும் சில நம்பிக்கைகள் ஆலைகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வருகின்றன. அவற்றுள் எட்டு இங்கே.

நம்பிக்கை 1: எஸ்.எஸ். துருப்பிடிக்காது

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் தேய்ந்துபோவதற்குத் தீர்வு தேடிக்கொண்டிருந்தார். அப்போது வார்த்த, சுமார் 12.8 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு அமிலங்களுக்கு எளிதில் மசியவில்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜெர்மனியின் எஸ்சன் நகரில், க்ருப் நிறுவனத்தின் எட்வர்ட் மாவ்ரரும் பென்னோ ஷ்ட்ராவ்ஸும் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த எஃகுக்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய 304, 316 கிரேடுகள் எல்லாம் அந்த இரண்டாவது வழியில் வந்தவை.

குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால், அது காற்றிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலத்தை உண்டாக்குகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால், அதில் சில பங்குதான் இந்தப் படலத்தின் தடிமன். கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும், ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். சேறு படிந்த இடம், கேஸ்கெட்டின் அடி, கிளாம்ப் இறுகப் பிடித்த இடுக்கு போன்ற இடங்களில் ஆக்சிஜன் வறண்டுவிடும். உப்பிலுள்ள குளோரைடு இந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். பிறகு குழாயின் மற்ற பரப்பெல்லாம் பளபளவென்று இருக்க, ஒரு புள்ளியில் மட்டும் அரிப்பு ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். பிட்டிங் என்று சொல்வது இதைத்தான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதன் ஆபத்து.

புதிதாகப் போட்ட லைனில் ஒரே வாரத்தில் செம்புள்ளிகள் தெரிந்தால், அது பெரும்பாலும் குழாயின் துரு அல்ல. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) வேலைக்குப் பயன்படுத்திய கிரைண்டிங் வீலையோ கம்பி பிரஷ்ஷையோ எஸ்.எஸ். மேலும் போட்டதில் ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள்தான் துருப்பிடிக்கிறது. அதை ஆசிட் கொண்டு கழுவி எடுக்காவிட்டால் அதன் அடியிலேயே பிட்டிங் தொடங்கலாம். ஒழுங்கான பட்டறைகள் எஸ்.எஸ்.ஸுக்குத் தனி வீல், தனி பிரஷ், தனி மேசை வைத்திருப்பது இதற்காகத்தான்.

நம்பிக்கை 2: காந்தம் ஒட்டினால் போலி

பழைய இரும்புக் கடை முதல் பெரிய ஆலையின் ஸ்டோர்ஸ் வரை நடக்கும் சோதனை இது. சட்டைப்பையில் உள்ள ஒரு ரூபாய் நாணயமே இதைப் பொய்யாக்கிவிடும். அது குரோமியம் மிகுந்த, நிக்கல் சேராத ஃபெரிட்டிக் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தம் நன்றாகவே ஒட்டும். இப்படிப்பட்ட நாணயத் தகடுகளைச் சேலம் உருக்காலையே செய்து கொடுத்திருக்கிறது.

304-ஐ வளைத்தால், இழுத்தால், அடித்தால் அதன் உள்ளமைப்பில் ஒரு பகுதி மாறி, காந்தம் லேசாக ஒட்டத் தொடங்கும். பெண்டு, எல்போ ஆகியவற்றின் வளைவில் இதைப் பார்க்கலாம். 304-ஐவிட உப்பை அதிகம் தாங்கும் டூப்ளெக்ஸ் 2205-ல் காந்தம் கெட்டியாகவே பிடிக்கும், ஏனென்றால் அதில் பாதிக்குப் பாதி ஃபெரைட் கட்டமைப்புதான்.

ஏமாற்று வேலை நடப்பது எதிர்ப்பக்கத்தில்தான். விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிய 200 வரிசை எஃகில் காந்தம் ஒட்டாது. 201 கிரேடில் நிக்கல் 3.5 முதல் 5.5 சதவீதம் மட்டுமே, 304-ல் 8-க்கு மேல். பார்வைக்கும் காந்தத்துக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கைப்பிடி ரெயிலிங்குக்கு 201 போதலாம், உப்பும் ஈரமும் உள்ள பிராசஸ் லைனில் அது சீக்கிரமே பல்லைக் காட்டிவிடும். காந்தத்தை மட்டும் நம்பினால் நல்ல டூப்ளெக்ஸ் திரும்பிப் போகும், 201 உள்ளே வந்துவிடும்.

நம்பிக்கை 3: 304-ஐவிட 316 எப்போதும் மேல்

316-ல் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் இருக்கிறது. குளோரைடு பிட்டிங்கைத் தாங்க அது உதவுகிறது. இந்தத் தாங்குதிறனை ஒப்பிடப் பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குரோமியத்தின் சதவீதத்தோடு மொலிப்டினத்தை 3.3-ஆலும் நைட்ரஜனை 16-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 304-க்கு 19 அளவில் வரும், 316-க்கு 24 அளவில் வரும், 2205-க்கு 35, சூப்பர் டூப்ளெக்ஸுக்கு 40-க்கு மேல். குளோரைடு உள்ள நீரில் 316 மேல் என்பது உண்மைதான். ஆனால் எந்த அளவு வரை?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. ஆலைகளின் ஆரம்ப காலத்தில் உயர் அழுத்த லைன்களுக்கு 316எல் (கார்பன் குறைந்த 316) போட்டுப் பார்த்தார்கள். ஜாயிண்ட்டுகளின் இடுக்குகளில் அரித்துவிட்டது. இன்று அந்த இடத்தில் சூப்பர் டூப்ளெக்ஸும் 6 சதவீதம் மொலிப்டினம் கொண்ட எஃகும் வந்துவிட்டன.

ஆசிட் பக்கம் போனால் கதை இன்னும் மாறும். நைட்ரிக் ஆசிட் ஆலைகளின் நெடுநாள் துணை 304எல். அங்கே மொலிப்டினத்தால் பயன் கிடையாது, சூடான செறிவான நைட்ரிக் ஆசிட்டில் 316 சற்று வேகமாகவே அரிக்கிறது. கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த ஆயுளை வாங்குவது போன்றது அது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் 304, 316 இரண்டுமே தேறாது. ரப்பர் உட்பூச்சு போட்ட எம்.எஸ்., எஃப்.ஆர்.பி., பாலிப்ரோப்பிலீன் போன்றவைதான் அங்கே நிற்கும். 98 சதவீத சல்ஃபியூரிக் ஆசிட் சாதாரண வெப்பநிலையில், மெதுவாக ஓடும்போது, சாதாரண கார்பன் ஸ்டீலிலேயே அடங்கிக் கிடக்கும். தண்ணீர் கலந்து நீர்த்துப் போனால் அதுவே கார்பன் ஸ்டீலைக் கரைத்துவிடும்.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையை எடுத்துக்கொள்ளலாம். சூடான திரவ சோடியத்தைத் தாங்கும் முதன்மைக் கலனுக்கு, எல் வகையில் நைட்ரஜன் சேர்த்த 316எல்என் தேர்ந்தெடுக்கப்பட்டது. வெப்பம் குறைந்த பகுதிகளுக்கு விலை குறைந்த 304எல்என் போதும் என்று முடிவானது. நீராவி உண்டாக்கும் பகுதியில் குழாய்களின் ஒரு பக்கம் சோடியம், மறு பக்கம் தண்ணீர். அங்கே இவை இரண்டையும் விட்டுவிட்டு, 9 சதவீதம் குரோமியமும் 1 சதவீதம் மொலிப்டினமும் கொண்ட எஃகைப் போட்டார்கள். குரோமியம் 10.5-ஐ எட்டாததால் அது கணக்குப்படி ஸ்டெயின்லெஸ்ஸே ஆகாது. ஆனால் நீர்ப்பக்கத்தில் விரிசல் விடும் அபாயம் 316-ஐவிட அதில் குறைவு. ஒரே ஆலைக்குள் மூன்று வேலைகள், மூன்று எஃகுகள்.

நம்பிக்கை 4: சூடு இல்லாவிட்டால் விரிசல் வராது

குளோரைடு, இழுவிசை, வெப்பம் மூன்றும் கூடினால் 304-லும் 316-லும் மெல்லிய கிளை கிளையான விரிசல்கள் ஓடும். சுமார் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கவலை வேண்டாம் என்பது கைக்கணக்கு. பெரும்பாலான லைன்களுக்கு அது சரியாகவே வரும். ஆனால் விதிவிலக்கு 12 உயிர்களை வாங்கியது.

1985 மே மாதம், சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் உள்கூரை, தாங்கியிருந்த ஸ்டெயின்லெஸ் கம்பிகள் அறுந்து கீழே விழுந்தது. அங்கே கொதிநீர் எதுவும் இல்லை. குளத்துக் குளோரின் கலந்த ஈரக்காற்று கம்பிகளின் மேல் படிந்து, காய்ந்து, மீண்டும் படிந்து, குளோரைடைச் செறிவாக்கிக்கொண்டே இருந்தது. யாரும் ஏறிப் பார்க்காத இடத்தில் விரிசல் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது.

இன்சுலேஷன் போட்ட பைப் லைனிலும் இதே இயக்கம்தான். எண்ணூர், கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோரத் தொழிற்பேட்டைகளில் காற்றே உப்புக் காற்று. மேல் தகட்டின் இணைப்பு வழியே மழைநீர் உள்ளே இறங்கும். சூடான குழாயைத் தொட்டதும் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். வெளியிலிருந்து வந்த நீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் குளோரைடு என்று சோதனை அறிக்கை சொல்லலாம். குழாயின் தோலில் அது ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். சில இன்சுலேஷன் பொருட்களில் குளோரைடு ஏற்கெனவே கலந்திருப்பதும் உண்டு, அதனால்தான் எஸ்.எஸ். மேல் போடும் இன்சுலேஷனுக்குத் தனி ஏ.எஸ்.டி.எம். விதியே இருக்கிறது. "எஸ்.எஸ்.ஸுக்கு எதற்குப் பெயிண்ட்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. இன்சுலேஷனுக்கு அடியில், குறிப்பாக 50 டிகிரிக்கு மேல் ஓடும் லைன்களுக்கு, குளோரைடும் துத்தநாகமும் இல்லாத பூச்சு தேவைப்படுகிறது.

நம்பிக்கை 5: திக்னஸ் கூடினால் ஆயுள் கூடும்

2 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. ஷெட்யூல் 10எஸ் என்றால் சுவர் 2.77 மி.மீ., 40எஸ் என்றால் 3.91 மி.மீ. மீட்டருக்கு எடை வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை கிலோ. எஸ்.எஸ். கிலோ கணக்கில் விலை போவதால், இந்த ஒன்றரை கிலோ நீண்ட லைனில் பெரிய தொகையாகிவிடும்.

அதற்கு என்ன கிடைக்கிறது? 304எல் வெல்டட் பைப்பில் 10எஸ்ஸே சாதாரண வெப்பநிலையில் 70 பாருக்கு மேல் தாங்கும். இது உற்பத்திக் குறைபாட்டுக்கு 12.5 சதவீதம் கழித்து, ஏ.எஸ்.எம்.இ. பி31.3 விதிப்படி போட்ட கணக்கு. பால், குளிர்நீர், கரைப்பான் லைன்களில் அழுத்தம் 10 பாரைத் தாண்டுவதே அரிது. பிட்டிங் வந்துவிட்டால் அந்தக் கூடுதல் 1.14 மி.மீ. துளை விழும் நாளைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கார்பன் ஸ்டீலில் அரிப்பு பரவலாக, சீராகத் தேய்க்கும், அங்கே தடிமன் ஆயுளாகும். அந்தப் பழக்கத்தை எஸ்.எஸ்.ஸுக்கும் கொண்டுவந்ததில் பிறந்த நம்பிக்கை இது. கிரேடு தவறாக இருக்கும் இடத்தில் தடிமனால் பயன் கிடையாது. ஆனால் மரை வெட்டிப் பொருத்தும் சிறிய பைப்புகளுக்கு 40எஸ் வேண்டும், 10எஸ்ஸில் மரை வெட்டினால் சுவரே மிஞ்சாது.

எஸ்.எஸ். என்றாலே பலம் என்ற எண்ணமும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாய்லர் லைன்களில் புழங்கும் ஏ106 கிரேடு பி கார்பன் ஸ்டீல், நிரந்தரமாக வளையத் தொடங்க 240 மெகாபாஸ்கல் வேண்டும். 304எல்லுக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச அளவு 170-தான். சூட்டில் விரிவதும் எஸ்.எஸ்.ஸில் அதிகம். 10 மீட்டர் லைனை 100 டிகிரி சூடாக்கினால் கார்பன் ஸ்டீல் 12 மி.மீ. நீளும், 304 சுமார் 17 மி.மீ. நீளும். பழைய நீராவி லைனைக் கழற்றிவிட்டு அதே சப்போர்ட்டுகளில் அப்படியே எஸ்.எஸ்.ஸைப் போடும் ஆலைகளில் ஃபிளாஞ்சுகள் கசிவது இந்த 5 மி.மீ.யால்தான்.

நம்பிக்கை 6: சீம்லெஸ்தான் நல்ல பைப்

தையல் இல்லாதது பலமானது என்ற எண்ணம் இயல்பானது. சீம்லெஸ் பைப், பழுக்கக் காய்ச்சிய கட்டியைத் துளைத்து நீட்டிச் செய்வது. அதனால் சுவர் ஒரு பக்கம் சற்றுத் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்க வாய்ப்புண்டு. வெல்டட் பைப் சீரான தகட்டுச் சுருளை உருட்டி, விளிம்புகளை வெல்டு செய்து, சூடேற்றிப் பதப்படுத்தி வருவது, சுவர் சீராக இருக்கும். ஏ312 என்ற ஒரே ஏ.எஸ்.டி.எம். விதியே இரண்டு வகைகளையும் தழுவுகிறது.

அழுத்தக் கணக்கில் வெல்டட் பைப்புக்கு 0.8 என்ற குறைப்பு எண் உண்டு, அதாவது 20 சதவீதம் கழிவு. வெல்டை முழுமையாக எக்ஸ்ரே எடுத்துவிட்டால் அந்தக் கழிவும் போய்விடும். பால் ஆலைகளிலும் மருந்து ஆலைகளிலும் ஓடுவது பெரும்பாலும் வெல்டட் டியூப்தான், உள் வெல்டை மட்டமாக்கி, 0.8 மைக்ரானுக்குள் வழுவழுப்பாக்கி எடுத்தது. அங்கே பாக்டீரியா தங்க இடம் இல்லாததே முக்கியம். உயர் அழுத்தம், மாறிமாறிச் சூடாகிக் குளிரும் லைன் என்றால் சீம்லெஸ்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு அர்த்தம் இருக்கிறது.

நம்பிக்கை 7: சர்டிபிகேட் வந்துவிட்டது, போதும்

மில் டெஸ்ட் சர்டிபிகேட் ஒரு ஹீட் எண்ணுக்கு, அதாவது ஒரே உருக்கில் வந்த தொகுதிக்கு, உரியது. பைப்பின் மேல் அச்சிட்ட எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. வெட்டிய துண்டில் எண் போய்விட்டால், தாள் ஓரிடத்தில், பைப் ஓரிடத்தில் என்றாகிவிடும்.

பொருள் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2005 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பாலையில் ஏற்பட்ட தீ விபத்து சாட்சி. பராமரிப்பின்போது கழற்றிய 8 இஞ்ச் எல்போக்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. அவற்றில் ஒன்று கார்பன் ஸ்டீல், மற்றவை குரோமியம் கலந்த எஃகு. திரும்பப் பூட்டும்போது கார்பன் ஸ்டீல் எல்போ சூடான ஹைட்ரஜன் ஓடும் இடத்துக்கு மாறிவிட்டது. சில மாதங்களில் அது வெடித்துத் திறந்தது. பூட்டும் முன் உலோகத்தைச் சோதித்திருந்தால் தப்பியிருக்கும் என்றது அந்நாட்டு ரசாயனப் பாதுகாப்பு விசாரணை வாரியம்.

அதற்குப் பயன்படும் எக்ஸ்ஆர்எஃப் கைக்கருவி சில விநாடிகளில் குரோமியம், நிக்கல், மொலிப்டினம், மாங்கனீஸ் அளவுகளைக் காட்டிவிடும், 201-ஐ உடனே பிடித்துவிடும். ஆனால் கார்பன் போன்ற லேசான தனிமத்தை அதனால் அளக்க முடியாது. அதனால் 304-ஐயும் 304எல்லையும் அது பிரித்துக் காட்டாது. இந்த வித்தியாசம் வெல்டில் முக்கியமாகிறது. 425 முதல் 850 டிகிரிக்குள் சூடாகும் இடத்தில் கார்பன் குரோமியத்தை இழுத்துக்கொண்டு படிக விளிம்புகளில் கார்பைடாக ஒதுங்கும். அந்த விளிம்புகளில் குரோமியம் பற்றாமல் போய், வெல்டுக்கு அருகே ஒரு கோடாக அரிப்பு ஓடும். 304-ல் கார்பன் 0.08 சதவீதம் வரை போகலாம், எல் கிரேடில் சுமார் 0.03-க்குள் அடங்கும். எல் கிரேடா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் தீப்பொறி மூலம் அளக்கும் ஓஇஎஸ் கருவியோ ஆய்வகமோதான் வழி. அதற்காக எல் கிரேடு எங்கும் உத்தமம் என்றும் ஆகாது. 525 டிகிரிக்கு மேல் நெடுங்காலம் ஓடும் லைன்களுக்கு அந்தக் கார்பன்தான் பலம், அங்கே 304எச் வேண்டும்.

நம்பிக்கை 8: ஹைட்ரோ டெஸ்ட் முடிந்தால் லைன் தயார்

கடைசி வெல்டு முடிந்ததும் லைனில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றுவார்கள். கசிவு இல்லை, கையெழுத்து ஆகிவிடும். உற்பத்தி தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது, தண்ணீர் உள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

1970-களில் அமெரிக்க ரசாயன ஆலைகளில் பதிவான நிகழ்வுகள் இந்தப் பழக்கத்தின் விலையைக் காட்டின. கிணற்று நீரால் சோதித்து, வடிக்காமல் விட்ட 304எல், 316எல் லைன்களில் சில மாதங்களுக்குள் துளைகள் விழுந்தன. வெல்டுகளின் மேல் செந்நிற மேடுகள் இருந்தன. அவற்றைச் சுரண்டினால் அடியில் குகைபோல் குடைந்திருந்தது. இரும்பையும் மாங்கனீசையும் படியவைக்கும் நுண்ணுயிர்கள், தேங்கிய நீரில் குளோரைடோடு கூட்டுச் சேர்ந்து செய்த வேலை அது. உற்பத்திக்கான திரவம் ஒரு சொட்டுகூட ஓடும் முன்பே குழாய் பாழாகியிருந்தது.

எஸ்.எஸ். லைன் சோதனைக்குக் குளோரைடு 50 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும் என்று பல ஆலைகள் விதி வைத்திருக்கின்றன. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, குளோரைடை லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை விடுகிறது. ஆக, குடிக்கத் தகுந்த போர் தண்ணீர் என்பதாலேயே அது பைப்புக்குத் தகுந்ததாகிவிடாது. ஆர்.ஓ. நீரோ கனிமம் நீக்கிய டிஎம் நீரோ பாதுகாப்பு.

ஆர்கான் வெல்டிங்கிலும் கவனம் வேண்டும். பைப்பின் உள்ளேயும் ஆர்கான் நிரப்பாமல் வெல்டு வைத்தால் உட்புறம் நீலமும் பழுப்புமாய்க் கருகும். அந்த நிறத்துக்குக் கீழே குரோமியம் குறைந்த ஒரு தோல் இருக்கும், நுண்ணுயிரும் பிட்டிங்கும் அங்கேதான் முதலில் பிடிக்கும். வெளிப்புறக் கருகலை நைட்ரிக்–ஹைட்ரோஃபுளோரிக் பிக்ளிங் பேஸ்ட்டால் எடுத்துவிடலாம். நீண்ட லைனின் உட்புறத்துக்குக் கை எட்டாது, அங்கே ஆர்கானில் மிச்சம் பிடிப்பவர் பிறகு பைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். சோதனை முடிந்த நாளிலேயே தாழ்ந்த இடத்து வால்வுகளைத் திறந்து வடித்து, உலர்ந்த காற்றை ஊதிக் காயவைக்க வேண்டும். டிரெயின் வைக்காத தாழ்வான வளைவு ஏதாவது இருந்தால், அதை வரைபடத்திலேயே கண்டுபிடித்துச் சாய்வு கொடுத்துவிடுவது மலிவு. லைன் ஏறிய பிறகு அந்த ஒரு இடத்துக்காக மட்டும் வெட்டி, மறுபடி வெல்டு வைத்து, மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.